லப்லாபியும் நேற்றைய பாணும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். உங்கள் தளத்தைப் பல வருடமாக வாசித்தாலும் எழுதுவது இதுதான் முதல் தடவை. போன பனிக்காலத்தில் என்னோடு வேலை செய்கிற மொரோக்கோப் பெண் ஒருவர் ஹரீரா கொண்டுவந்து தந்தார். அன்றிலிருந்து வட ஆப்பிரிக்கக் கடலைச் சூப்புகளில் ஒரு பைத்தியம். காணொளிகளைப் பார்த்து ஹரீராவும் துனீசியாவின் லப்லாபியும் வீட்டில் மாறிமாறிச் செய்கிறேன். சில சந்தேகங்கள். என் ஹரீரா உறைப்பாக வருவதில்லை, என்ன பிழை? ஹரிசா என்கிற மிளகாய் விழுதுக்குப் பதிலாக எங்கள் யாழ்ப்பாணத் தூள் போட்டால் என்ன? டின் கடலை பாவிக்கலாமா? முட்டை எவ்வளவு நேரம் அவிய வேண்டும்? இன்னொன்று. லப்லாபியில் பழைய பாணைச் சூப்புக்குள் ஊறப்போடுவது எனக்கும் பிள்ளைகளுக்கும் அருவருப்பாக இருக்கிறது. பாணை விட்டுவிட்டு, பொரித்த பாண் துண்டு நாலைந்தை அலங்காரத்துக்கு மேலே தூவி, கொஞ்சம் தரமான சாப்பாடாக ஆக்கலாம் என்று நினைக்கிறேன். பாரிஸ் குசினிகளில் வேலை செய்ததாக எழுதியிருந்தீர்கள். அதுதான் உங்களிடம் கேட்கிறேன்.

அன்புடன்,
சு., ஸ்காபரோ

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் பெல்வில் பெருந்தெருவில் சந்தை. காலையில் அங்கே போய்த் திரும்பும்போது ஒரு கட்டடத்தின் யன்னல் விளிம்பில் பாதிப் பாண் ஒன்று இருந்தது. கடதாசியில் சுற்றி, விழுந்துவிடாதபடி சுவரோடு சாய்த்து யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மிஞ்சின பாணைக் குப்பையில் போட மனம் வராதவர்கள் இங்கே அப்படித்தான் செய்வார்கள். கால் படாத உயரத்தில் வைப்பார்கள். தேவைப்பட்டவர் எடுக்கட்டும், இல்லாவிட்டால் புறாவாவது கொத்தட்டும் என்று. முப்பது வருடமாக அதைப் பார்த்துக்கொண்டு கடந்து போகிறவன் நான். அன்றைக்கு ஏனோ நின்றேன். வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால் உங்கள் கடிதம். அதில் 'அருவருப்பு' என்று ஒரு சொல்.

அதற்கு வருகிறேன். முதலில் மற்றவற்றை முடித்துவிடுவோம்.

உங்கள் ஹரீராவில் பிழை ஒன்றும் இல்லை. அது உறைக்கிற சாப்பாடே இல்லை. இஞ்சி, மிளகு, மஞ்சள், கறுவா, தக்காளி, செலறி, கைநிறைய மல்லியிலை, பருப்பு, கடலை, கடைசியில் தடிக்க வைப்பதற்கு மாவுக் கரைசல். ரமழான் மாலையில், பகல் முழுக்கப் பட்டினி கிடந்த வயிற்றுக்குப் பேரீச்சம்பழத்தோடு போவது அது. அந்த வயிற்றை எரிக்கக் கூடாது. மிச்சத்தை அந்த மொரோக்கோப் பெண்ணிடமே கேளுங்கள். பக்கத்து மேசையில் ஆள் இருக்கும்போது கடல் தாண்டி என்னிடம் எதற்கு?

டின் கடலை ஹரீராவுக்குப் போதும். லப்லாபிக்கு வேண்டாம். லப்லாபியில் நீங்கள் குடிப்பதே கடலை அவிந்த தண்ணீரைத்தான். டின்னுக்குள் இருக்கிற தண்ணீர் அந்த வேலையைச் செய்யாது. அரைக் கிலோ வெள்ளைக் கடலையை உப்புப் போட்ட தண்ணீரில் இரவு ஊறவையுங்கள். பாரிஸ் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், அதில் கடலை லேசில் இளகாது. நான் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடுவேன். அதிகம் போட்டால் சவர்க்கார வாசம் வந்துவிடும். புளிப்பு எதையும் கடலை அவியுமுன்னே சேர்க்காதீர்கள். தக்காளியும் தேசிக்காயும் கடலைத் தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

யாழ்ப்பாணத் தூள் வேண்டாம். கோபிக்காதீர்கள். எங்கள் தூள் வறுத்த தூள். பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுபட்டு அதில் கிடக்கின்றன. அதைப் போட்டால் கடலைக் குழம்பு வரும், நல்ல குழம்பாகவும் இருக்கும், ஆனால் லப்லாபி வராது. ஹரிசாவில் வறுப்பு கிடையாது. வெயிலில் காய்ந்த மிளகாயைக் கொட்டை நீக்கி ஊறவைத்து, உள்ளி, உப்பு, மல்லி, கர்வியா சேர்த்து இடித்து, ஒலிவ் எண்ணெய் விட்டு மூடி வைப்பது. இடிப்பது என்ற அரபுச் சொல்லிலிருந்துதான் ஹரிசா என்ற பெயரே வந்தது. கர்வியா என்பது பிரெஞ்சுக் கடைகளில் கார்வி என்று விற்கிற விதை. பார்க்கச் சீரகம் போல இருக்கும், வாசம் வேறு. இந்தியக் கடையில் ஷாஹி ஜீரா என்று தருவதை நம்பி வாங்காதீர்கள், அது பெரும்பாலும் வேறு செடி. துனீசிய மிளகாய் சதைப்பிடிப்பானது, எங்கள் செத்தலை விட உறைப்புக் குறைவு. அதனால் செத்தலில் ஒரு பங்கும் காஷ்மீர் மிளகாயில் மூன்று பங்கும் எடுங்கள். இந்த ஹரிசாவை 2022-ல் யுனெஸ்கோ மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. துனீசியாவின் நாபெல் பக்கத்தில் மிளகாயை நூலில் கோத்து வீட்டுச் சுவர் நிறையத் தொங்கவிடுவார்கள். அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எங்கள் வீட்டு முற்றத்துப் பாயில் காய்ந்த மிளகாயின் நெடி மூக்கில் ஏறியது.

இனிப் பாண்.

'தரமான சாப்பாடு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எங்கே பொறுக்கினீர்கள், தங்கச்சி? ஒரு சனம் தலைமுறை தலைமுறையாக விடியற்காலையில் வேலைக்குப் போகுமுன் சாப்பிட்டு வயிற்றை நிரப்பிய சாப்பாட்டுக்கு ஸ்காபரோவிலிருந்து நீங்கள் தரம் போடத் தேவையில்லை. லப்லாபி ஒரு கடலைச் சூப்பு, அதில் பாண் ஒரு சேர்மானம் என்று நினைக்கிறீர்கள். தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். நேற்றைய பாண் கல்லாகிவிட்டது, அதை எப்படிச் சாப்பிடுவது? அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் லப்லாபி. கடலையும் சீரகமும் உள்ளியும் ஹரிசாவும் அந்தப் பாணைத் தேடி வந்தவை. பாணை எடுத்துவிட்டு மேலே நாலு துண்டு தூவினால், மணவறையில் பெண்ணை எழுப்பிவிட்டுத் தோழியை இருத்தினது போலத்தான்.

எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் நாபெல்காரர் ஒருவர். 1990-ல், பாரிஸ் 9ஆம் வட்டாரத்தில் ஒரு உணவகத்தில் நான் கோப்பை கழுவினேன். அவர் அங்கே சமையல்காரர், ஐம்பது வயது இருக்கும். இரவு பன்னிரண்டு தாண்டி மேசைகளிலிருந்து பாண் கூடைகள் உள்ளே வரும். பாதிக்கு மேல் கை படாத துண்டுகள். எல்லாவற்றையும் கறுப்புப் பைக்குள் கவிழ்க்கச் சொல்லி முதலாளியின் உத்தரவு. நான் கவிழ்ப்பேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, கூடையைக் கவிழ்த்த என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. அவர் சத்தம் போடவில்லை. நிலத்தில் விழுந்து கிடந்த துண்டைக் குனிந்து எடுத்தார், வாயில் வைத்து முத்தமிட்டார், நெற்றியில் தொட்டார், தட்டில் வைத்தார். பிறகு தன்னுடைய உடைந்த பிரெஞ்சில், என்னுடைய அதைவிட உடைந்த பிரெஞ்சுக்கு விளங்கும்படி மெதுவாகக் கேட்டார்: "உன் ஊரில் பாண் இருந்ததா?"

இருந்தது. இல்லாமலும் இருந்தது. 1974-ல் எனக்கு ஒன்பது வயது. பாணுக்கு வரிசை நின்ற காலம் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், சொல்லுவா. இருட்டோடு எழும்பி, மூத்தக்காவின் சால்வையைப் போர்த்துக்கொண்டு கூட்டுறவுக் கடை வாசலில் நிற்பேன். வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அரசாங்கம் தடை போட்டிருந்ததால் எங்கள் ஐயா போன்ற தோட்டக்காரருக்குக் கையில் காசு புழங்கியது. மிளகாய் விற்ற காசு பெட்டிக்குள் கிடந்தது, பாண் கிடைக்கவில்லை. ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற கிழவியோடு முடிந்துவிட்டது. அந்த மனிசி தன் பாணைப் பிய்த்துப் பாதியை என் கையில் தந்தா. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன், வயிற்றில் சூடு படும்படி. பதினாறு வருடம் கழித்து, அதே கையால் பாண் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றேன். அந்த இரவு அவருக்கு நான் பதில் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை முதலாளி போன பிறகு அவர் கடலைச் சட்டியை அடுப்பில் ஏற்றினார். அந்த வாரம் மிஞ்சின பாண் எல்லாம் அவருடைய துணிப்பையில் இருந்தது. ஆழமான மண் கோப்பை ஒன்றையும் காய்ந்த பாண் ஒன்றையும் எனக்கு முன்னால் வைத்து, "கிழி" என்றார். நான் கத்தியை எடுத்தேன். பறித்துவிட்டார். கத்தி வெட்டின முகம் வழுவழுப்பாக இருக்கும், சாற்றைக் குடிக்காது. கையால் கிழித்த முகம் பிசிறு பிசிறாக நிற்கும், அதுதான் குடிக்கும். பெருவிரல் நுனியளவு துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் தோலும் கொஞ்சம் சதையும் இருக்க வேண்டும். தோல் மட்டும் என்றால் தொண்டையில் குத்தும், சதை மட்டும் என்றால் கூழாகிவிடும். நீங்கள் கண்ட அருவருப்பு அந்தக் கூழாகத்தான் இருக்கும். பொலித்தீன் பையில் வருகிற வெள்ளைப் பாணைப் போட்டிருப்பீர்கள். அது வேண்டாம். தோல் தடித்த பாணாக வாங்கி, இரண்டு நாள் வெளியே வைத்துக் காயவிடுங்கள்.

துனீசியத் தலைநகர் தூனிஸில் லப்லாபிக் கடைகளில் கோப்பையையும் பாணையும் உங்கள் கையில் தந்துவிடுவார்கள். நீங்களே கிழித்துப் போட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடைக்காரன் அதன்மேல் கடலையும் சாறும் ஊற்றி, ஹரிசா, சீரகத் தூள், ஒலிவ் எண்ணெய், தேசிக்காய் என்று போட்டுத் தருவான். காசு இருப்பவர் சூரை மீனும் கேப்பர் மொட்டும் கேட்பார். இல்லாதவர் கேட்கமாட்டார். ஆனால் கோட் போட்டு வந்தவரும் பாணைத் தன் கையால்தான் கிழிக்க வேண்டும். தன் பசி எவ்வளவு என்று கிழிக்கிறவருக்குத்தான் தெரியும்.

அந்த ஊரில் பாண் என்பது என்ன என்று ஒன்று சொல்லிவிடுகிறேன். 1983 டிசம்பர் கடைசியில் அரசாங்கம் மானியத்தை வெட்டியது. 80 மில்லிம் (துனீசியச் சில்லறைக் காசு) விற்ற பாண் 170 மில்லிம் ஆனது. பாலைவன ஓரத்துத் தெற்கு ஊர்களில் கலவரம் மூண்டு ஒரு வாரத்துக்குள் தூனிஸுக்கு வந்தது. அவசரநிலை, ஊரடங்கு, துப்பாக்கிச் சூடு. பலர் செத்தார்கள். 1984 ஜனவரி 6ஆம் தேதி ஜனாதிபதி புர்கிபா தானே வந்து, பழைய விலையே இனி என்று அறிவித்தார். நாபெல்காரர் அந்த நாட்களில் ஊரில் இருந்தவர். அதைச் சொல்லும்போது சாமான் கழுவுகிற சத்தத்தை நிறுத்தச் சொல்வார். 2011-ல் அப்போதைய ஜனாதிபதி பென் அலிக்கு எதிராக, 'ரொட்டியும் தண்ணீரும் போதும், பென் அலி வேண்டாம்' என்று அதே சனம் தெருவில் கத்தியது. ஒரு மனிதர் நீளப் பாணைத் துவக்குப் போலத் தூக்கிப் பொலிஸை நோக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற படம் அப்போது உலகமெல்லாம் போனது. நான் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் 2003-லேயே நாபெலுக்குத் திரும்பிவிட்டார். எடுத்தது மகள். வாப்பா பாண் வாங்கப் போயிருக்கிறார் என்றா.

உங்கள் பிள்ளைகளுக்கு அருவருப்பு என்றால் அது உங்களிடமிருந்து போனது. பிள்ளைகள் பாலுக்குள் பிஸ்கற் தோய்த்துத் தின்கிறவர்கள்தானே, ஊறினதில் அவர்களுக்கு என்ன அருவருப்பு? சமைத்து முடித்த கோப்பையை அவர்கள் முன்னால் வைக்காதீர்கள். வெறும் கோப்பையையும் காய்ந்த பாணையும் கொடுங்கள். கிழிக்கட்டும். மேசையெல்லாம் தூள் சிந்தட்டும், அதற்குப் பேசவேண்டாம். சின்னவருக்கு ஹரிசாவைச் சாற்றில் கரைத்து ஒரு சொட்டு விடுங்கள். சாற்றுக்கு உப்புப் போதுமா என்று ஊற்றுமுன் பாருங்கள், பாண் உப்பைக் குடித்துவிடும். இடித்த உள்ளி ஆறு பல்லு, புதிதாக இடித்த சீரகம் இரண்டு தேக்கரண்டி, இரண்டும் அடுப்பை நிறுத்தப் பத்து நிமிடத்துக்கு முன்புதான். அரைக் கிலோ கடலைக்கு அது சரி.

முட்டையைக் கேட்டிருந்தீர்கள். கொதிக்கிற தண்ணீரில் ஆறு நிமிடம், அவ்வளவுதான். கோதை உடைத்துக் கோப்பைக்குள் விட்டு, இரண்டு கரண்டியால் அடியிலிருந்து மேலே மூன்று தடவை புரட்டுங்கள். மஞ்சள் கரு பாணில் ஏறும். உடனே சாப்பிட வேண்டும்.

அன்புடன்,
அண்ணா