நம் தகவலுக்குக் காசு கொடுத்தால் போதுமா? – கேள்வி பதில்

அக்கா, ஃபேஸ்புக் நம்மை வைத்துத்தானே சம்பாதிக்கிறது? நமக்கும் பங்கு கொடுத்தால் எவ்வளவு வரும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம் தம்பி. 2023-ல் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் நிகர லாபம் சுமார் 3,900 கோடி டாலர். ஃபேஸ்புக்கை மாதம் ஒருமுறையாவது திறப்பவர்கள் 300 கோடிக்கு மேல். முழு லாபத்தையும் பிரித்தாலும் ஆளுக்கு ஆண்டுக்கு 13 டாலர்கூடத் தேறாது. அதுவும் சமமாகப் பிரித்தால்தான். ஒரு அமெரிக்கரை வைத்து வரும் பணம் ஒரு ஆசியரை வைத்து வருவதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்.

யாராவது நிஜமாகவே காசு கொடுத்திருக்கிறார்களா மேடம்?

கொடுத்திருக்கிறார்கள். ஃபோனில் நடப்பதையெல்லாம் கவனிக்கும் ஒரு ஆப்பைப் போட்டுக்கொண்டால் மாதம் 20 டாலர் வரை ஃபேஸ்புக் கொடுத்தது 2019-ல் வெளியே வந்தது. 13 வயதுப் பிள்ளைகளையும் சேர்த்திருந்தார்கள். 2023-ல் கருவிழியை ஸ்கேன் செய்ய வேர்ல்ட்காயின் என்ற திட்டம் கொடுத்த கிரிப்டோவுக்கு, அதாவது டிஜிட்டல் நாணயத்துக்கு, கென்யாவில் மதிப்பு ஏறக்குறைய 7,000 ஷில்லிங். நைரோபியில் கூட்டம் அலைமோதியது. அரசு ஆகஸ்டில் அதை நிறுத்தியது. இந்த மாதிரி வரிசையில் முதலில் நிற்பவர் கையில் காசில்லாதவர்தான். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

நல்ல விலை வராமல் தரமாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்தால்?

முக்கியமான கேள்வி சார். உங்கள் நம்பர் எத்தனை பேர் ஃபோனில் இருக்கிறது? அதில் ஒருவர் ஏதோ ஒரு ஆப்புக்கு கான்டாக்ட்ஸ் அனுமதி கொடுத்தாலே உங்கள் பெயரும் எண்ணும் போய்விடும். மரபணு இன்னும் மோசம். கலிஃபோர்னியாவில் பல பத்தாண்டுகள் சிக்காத கொலையாளியை 2018-ல் பிடித்தது, தூரத்து உறவினர்கள் இணையத்தில் ஏற்றிய டிஎன்ஏவை வைத்துத்தான். அவர் பிடிபட்டது நல்லது. ஆனால் அதே வழியில் உங்களையும் என்னையும் கண்டுபிடிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் தகவலே உங்களைப் பற்றிப் பாதி சொல்லிவிடும்போது, உங்கள் தகவலுக்கு அதிக விலை எதற்குத் தருவார்கள்? விலை மலிவாக இருக்கக் காரணம் இதுதான். தகவலுக்கு மதிப்பில்லை என்பதல்ல.

அப்போ சங்கம் சேர்ந்து பேரம் பேசலாமே?

பேசலாம். கணினி அறிஞர் ஜரோன் லானியர், பொருளாதார அறிஞர் கிளென் வெய்ல் போன்றவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். தனி ஆளாகப் பேசுவதைவிட நிச்சயம் மேல். ஆனால் அந்தச் சங்கம் முதலில் கேட்க வேண்டியது காசை அல்ல என்பேன். எதையெல்லாம் எடுக்கவே கூடாது என்ற பட்டியலைக் கேட்கட்டும். பிள்ளைகளின் தகவல், கருவிழி, கான்டாக்ட்ஸ் மூன்றும் அதில் முதலில் வரட்டும்.