சைலேஜ் உருளைக் கட்டுக்கு ஃபிலிம் சுற்றியும் பூஞ்சை பிடிக்கிறது. விலை கூடிய ஃபிலிம் வாங்கினால் சரியாகுமா?

கேள்வி கேட்டவர் மாட்டுத் தீவனத்துக்காக மக்காச்சோளத்தைப் பச்சையாக வெட்டி, சின்ன உருளைக் கட்டாகக் கட்டி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் ஃபிலிம் சுற்றிப் புளிக்க வைக்கிறார், சைலேஜ் என்பது இதுதான். இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் மேல்புறத்தில் பூஞ்சை. சுற்றும்போது ஃபிலிம் வேறு அடிக்கடி அறுகிறது என்கிறார்.

இப்போதைக்கு வாங்காதீர்கள். ஒரு மார்க்கர் பேனாவும் பிள்ளைகளின் ஸ்கேலும் போதும். எதற்கு என்று சொல்கிறேன்.

எனக்கு மதுரை மாவட்டத்தில் பேரையூர்ப் பக்கம். மானாவாரி மக்காச்சோளம் எங்கள் ஊரில் நிறைய. கதிராக விற்றது போக, ஒரு பகுதியைப் பச்சையாக வெட்டி சைலேஜ் போடுகிறேன். ஊறுகாய்ப் புல் என்று அதிகாரிகள் சொல்வார்கள், ஊரில் எல்லோருக்கும் சைலேஜ்தான். மெஷின் சின்னது. கட்டு ஒன்று 52 செ.மீ. விட்டம், ஏறக்குறைய அதே நீளம். ஃபிலிம் 25 செ.மீ. அகலம், 25 மைக்ரான், ரோலுக்கு 1800 மீட்டர்.

முதல் வருடம் ஒரு ரோலில் 90 கட்டு சுற்றினேன். டீக்கடையில் இதைச் சொல்லிப் பெருமையடித்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது. ஃபிலிம் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது, சிக்கனமும் ஆச்சு என்று நினைத்திருந்தேன்.

பங்குனியில் பிரித்தோம். நல்ல சைலேஜ் புளித்த மாவு மாதிரி, கொஞ்சம் வெல்ல வாசத்தோடு இருக்கும். இது நனைந்த சாக்கு மாதிரி அடித்தது. ஃபிலிமை முழுக்க உரித்ததும்தான் அந்த விசித்திரத்தைப் பார்த்தேன். பூஞ்சை கண்ட இடத்தில் எல்லாம் இல்லை. இரண்டு விரல் அகலத்தில், ஒரே மாதிரி இடைவெளி விட்டு, அணில் முதுகு போல வெள்ளைக் கோடு கோடாக இருந்தது. மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அம்மா பக்கத்தில் நின்று, "ஊறுகா ஜாடிக்கு வேடு கட்டத் தெரியாதவன் மாட்டுக்கு ஊறுகா போட வந்துட்டான்" என்றார்.

ஃபிலிம் விற்றவருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். மனிதர் கோபப்படவே இல்லை. "அண்ணே, கோடு போட்டுப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கோடு என்றால் இதுதான். மெஷினில் மாட்டிய ரோலின் மேல், ஃபிலிம் இழுபடுவதற்கு முன், ஃபிலிம் ஓடும் திசையில் 10 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டு குறி வையுங்கள். மெஷினை ஓட்டுங்கள். கட்டின் மேல் போய் ஒட்டிய பிறகு அந்த இரண்டு குறிக்கும் நடுவே அளந்து பாருங்கள். 17 செ.மீ. வந்தால் 70 சதவீதம் இழுபடுகிறது என்று அர்த்தம், 15.5 வந்தால் 55 சதவீதம். சைலேஜ் ஃபிலிமை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இழுக்க வேண்டும், நம்மைப் போன்ற வெயில் ஊருக்கு 55 பக்கமே நல்லது. எனக்கு 19 வந்தது.

இழுபட்டால் என்ன, நீளம் கூடத்தானே செய்யும் என்று கேட்கலாம். நீளம் கூடும்போது அகலம் சுருங்கிவிடுகிறது. அங்கேதான் கோடு பிறக்கிறது. 25 செ.மீ. ஃபிலிம் கட்டில் ஒட்டும்போது 20 செ.மீ.யாவது இருக்க வேண்டும். (பெரிய மெஷின்களில் 50 செ.மீ. ஃபிலிம் 40 ஆகவும், 75 செ.மீ. ஃபிலிம் 60 ஆகவும் வரும், அதே கணக்கு.) கட்டு உட்கார்ந்திருக்கும் மெஷின் மேடை ஒரு சுற்று சுற்றும்போது கட்டு 10 செ.மீ. உருள்கிறது. ஆக, ஒவ்வொரு பட்டையும் முந்தைய பட்டையின் பாதியை மூடும், எல்லா இடத்திலும் இரண்டு அடுக்கு விழும். என் ஃபிலிம் சுருங்கி 17 செ.மீ.தான் இருந்தது. கட்டு உருள்வதோ அதே 10. அப்போது 7 செ.மீ.க்கு இரட்டை அடுக்கு, மிச்சம் 3 செ.மீ.க்கு ஒற்றை. அந்த 3 செ.மீ.தான் அணில் முதுகுக் கோடு. ரோலுக்கு 90 கட்டு வந்த ரகசியமும் அதுதான்.

ஃபிலிம் ஏன் அளவுக்கு மீறி இழுபட்டது என்று தேடினால் குற்றவாளி ஒருவரல்ல. ரோலை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பாகத்தை நானே இறுக்கி வைத்திருந்தேன், ரோல் லேசாகச் சுழலவே இல்லை. இழுக்கும் உருளைகளில் ஃபிலிமின் பசை கறுப்பாகப் படிந்திருந்தது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தடவை துடைத்ததும் பாதிப் பிரச்சினை போய்விட்டது. அப்புறம் வெயில். தகரக் கொட்டகையில் வைத்திருந்த ரோலைத் தொட்டால் சுடும். சூடான ஃபிலிம் இளகி, இழுத்த இழுப்புக்கெல்லாம் போகும். இப்போது ரோல்கள் வீட்டுக்குள், நெல் மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. காலை பத்து மணிக்குள் ஒரு தடவை, பொழுது சாய்ந்தபின் ஒரு தடவை என்று பிரித்துச் சுற்றுகிறோம். ஆனால் காலையில் கட்டியதை மறுநாள் சுற்றலாம் என்று போட்டு வைக்காதீர்கள், உள்ளே சூடேறிவிடும். கட்டிய சில மணி நேரத்துக்குள் சுற்றிவிட வேண்டும்.

உங்களுக்கு ஃபிலிம் அறுவது எப்படி என்று பாருங்கள். ரோலின் ஒரே பக்க ஓரத்திலிருந்து திரும்பத் திரும்ப அறுந்தால், ரோல் எங்கோ கீழே விழுந்து ஓரம் நசுங்கியிருக்கிறது. நசுங்கிய ஆழம் போகும்வரை உரித்துத் தள்ளுங்கள், வேறு வழியில்லை. கண்ட இடத்தில் அறுந்தால் பசையும் இறுக்கமும்தான்.

அடுத்து, எத்தனை அடுக்கு? நான்கு என்பார்கள், நான் ஆறு சுற்றுகிறேன். பிளாஸ்டிக் காற்றை அடியோடு தடுத்துவிடுவதில்லை. சூடு ஏற ஏற அதன் வழியாக ஆக்சிஜன் ஊடுருவுவதும் கூடும், குளிர்நாட்டில் போதுகிற நான்கு சித்திரை வெயிலில் போதாது. கணக்கு சுலபம். கட்டு முழுக்க மூடும்வரை மேடை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். என் கட்டுக்கு 8. அதோடு ஒன்று கூட்டினால் 9. நான்கு அடுக்குக்கு இரண்டால் பெருக்கி 18, ஆறுக்கு மூன்றால் பெருக்கி 27. இப்போது ரோலுக்கு 50 கட்டுக்கு ஒன்றிரண்டு குறைவாகத்தான் வருகிறது. ஃபிலிம் செலவு ஏறக்குறைய இரட்டிப்பு. வயிறு எரியத்தான் செய்யும், ஆனால் கெட்டுப்போன சைலேஜைக் குப்பையில் கொட்டும்போது எரிவதைவிடக் கம்மி.

கட்டே சரியில்லை என்றால் ஃபிலிம் ஒன்றும் செய்யாது. கதிர் பால் முற்றி மாவாகும் பருவத்தில் வெட்டி, இரண்டு மூன்று செ.மீ. துண்டாக நறுக்கி, கெட்டியாகக் கட்ட வேண்டும். ஒரு கை அள்ளிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. பிடித்த உருண்டை கையைத் திறந்ததும் மெதுவாக விரிய வேண்டும். நீளத் தட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலும் ஃபிலிமைக் குத்தும். ஒரு சிலர் காய்ந்த வைக்கோலுக்கும் ஃபிலிம் சுற்றலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வைக்கோலுக்குப் படப்பும் தார்ப்பாயும் போதும்.

சுற்றிய பிறகு நடப்பதில்தான் எங்களுக்கு அடுத்த அடி. இரண்டாம் வருடம் ஏற்றி இறக்க வந்த ஆட்கள் மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கியோடு வந்தார்கள். நான் சாப்பிடப் போய்த் திரும்புவதற்குள் முப்பது கட்டில் கொக்கி ஏறியிருந்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, மூட்டை என்றால் கொக்கிதான் அவர்களுக்குத் தெரியும். இப்போது கொக்கியை வாங்கி வைத்துக்கொண்டுதான் வேலையே ஆரம்பம். அடுக்குகிற இடத்தில் சீமைக்கருவேல முள் ஒன்றுகூடக் கிடக்காமல் இரண்டு தடவை பெருக்கச் சொல்கிறேன். கட்டைப் படுக்கப் போடாமல் தட்டையான முகம் தரையில் இருக்கும்படி நிறுத்துங்கள், அந்த முகத்தில்தான் ஃபிலிம் அடுக்கு அதிகம். எலிக்கு இரண்டு பூனை இருக்கிறது. மயிலுக்குத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. தேசியப் பறவை என்று அதற்கே தெரியும் போல, மேலே ஏறி நின்று நகத்தால் கீறுகிறது. பழைய மீன்வலையை அடுக்கின் மேல் படாதபடி கம்பு ஊன்றிக் கட்டியிருக்கிறேன்.

ஓட்டை கண்ணில் பட்டால் அன்றைக்கே ஒட்டுங்கள். பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப் வெயிலில் ஒரு வாரத்தில் உரிந்துவிடும், சைலேஜ் டேப் என்றே தனியாக விற்கிறது. இடத்தைத் துடைத்துக் காயவைத்து ஒட்ட வேண்டும். பூஞ்சை பிடித்த பகுதியை "கொஞ்சம்தானே" என்று சினை மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள்.

கோடு போட்டு அளந்து பார்த்துவிட்டு எத்தனை செ.மீ. வந்தது, கட்டில் ஒட்டிய ஃபிலிம் எத்தனை அகலம் என்று கீழே எழுதுங்கள். மெஷினில் எங்கே திருக வேண்டும் என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.