பிலா மரத்துல எத்தனை சக்கை?

அண்ணா,

பாறசாலை பக்கத்துல இருந்து எழுதுறேன். திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல ஐடி வேலை. வீட்ல தமிழ், சபைல பாதி தமிழ் பாதி மலையாளம். ரெண்டு மாசம் முன்ன ஜெபக்கூட்டத்துல ஒரு மூப்பர் என் தலைல கை வச்சு, வேலைய விட்டுட்டு முழுநேர ஊழியத்துக்கு வான்னு கர்த்தர் சொல்றார்னு தீர்க்கதரிசனம் சொன்னார். எனக்கு அப்படி எதுவும் உணர்த்தப்படலியேன்னு சொன்னேன். உடனே நீதிமொழிகள் 3:5 எடுத்துட்டாங்க, 'சுயபுத்தியின்மேல் சாயாமல்'. ஆபிரகாம் கேள்வி கேட்டானா, கீழ்ப்படிதலுக்கு மூளை எதுக்குன்னு கேக்குறாங்க. எனக்கு லாஜிக்கா சரின்னு படுறத மட்டும்தான் என்னால செய்ய முடியும். இது அவிசுவாசமா? வேலைய விடணுமா? அப்புறம் பரிணாமமும் ஆதியாகமமும் எப்படி ஒத்துப்போகும்? கன்வென்ஷன்ல தமிழ்ப்பாட்டு கொறஞ்சிட்டே வருது, அதப்பத்தியும் எழுதுங்க. என் பேர் போட வேண்டாம்.

---

தம்பி,

பேர் போடல. பரிணாமம் இன்னொரு நாள் பாக்கலாம், உன் தலைல கை வச்சதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. தமிழ்ப்பாட்டு கொறையுதுன்னா அடுத்த கன்வென்ஷன்ல நீ எழும்பி நாலு பாடு, எனக்கு லெட்டர் போட்டா பாட்டு கூடிருமா?

அந்த 3:5க்கு வருவோம். இந்த ஒரு வசனத்த வச்சு நம்ம நாட்டுல எத்தனை பிள்ளைகள வாயடைச்சிருக்காங்கன்னு நினைச்சா எனக்கு வெப்ராளம் வந்திடும். முதல்ல அந்த வசனத்த ஒழுங்கா படிப்போம். சாயாதேன்னுதான் எழுதிருக்கு, வெட்டிப் போடுன்னு எழுதல. உனக்கு மலையாளம் தெரியும்ல, அதுல 'சொந்த விவேகத்தில் ஊன்னருது'ன்னு இருக்கு. ஊன்னுறதுன்னா கம்பு ஊன்னுறது. உன் எடை முழுக்க அந்தக் கம்புமேல போடாதே, ஒடிஞ்சிரும்னு அர்த்தம். கம்ப தூக்கி ஆத்துல எறின்னு சொன்னா அது வேற வசனம், அப்படி ஒரு வசனம் கிடையாது. அப்புறம் அது வெறும் புத்தி இல்ல, சுயபுத்தி. நான் சொல்றதுதான் சரி, வேற எவனும் சொல்லண்டாம்னு நிக்கிற புத்தி. இதே புஸ்தகத்துல ஒரு அதிகாரம் தள்ளி 4:7ல என்ன இருக்கு? 'என்னத்தைச் சம்பாதித்தாலும் புத்தியைச் சம்பாதித்துக்கொள்.' மூணாம் அதிகாரத்த மனப்பாடமா சொல்றவங்க நாலாம் அதிகாரத்துக்கு வரும்போது எல்லாருக்கும் ஒரேயடியா கண்ணு மங்கிருமா? (கண்ணுன்னதும் ஒரு கதை ஞாபகம் வருது, அதுக்கு பின்ன வரேன்.)

ரோமர் 12:1ல பவுல் 'புத்தியுள்ள ஆராதனை'ங்கிறார். நீ லாஜிக் லாஜிக்னு எழுதிருக்கியே, கிரேக்கத்துல அங்க கிடக்கிறது அந்த லாஜிக்குக்க சொந்தக்கார வார்த்தைதான். சரீரத்த பலியா ஒப்புக்கொடுன்னு சொல்றார், மூளையும் சேத்து அறுத்துக் கொடுன்னு சொல்லல. அடுத்த வசனத்துல தேவனுடைய சித்தம் இன்னதென்று 'பகுத்தறியத்தக்கதாக' மனம் புதிதாகணும்னு வருது. பகுத்தறிவுன்னு சொன்னாலே நம்ம ஆளுங்களுக்கு கறுப்புச் சட்டைதான் ஞாபகம் வருது, ஆனா அந்த வார்த்தை அவங்கவங்க கக்கத்துல இருக்கிற பைபிளுக்குள்ள பேசாம உக்காந்திருக்கு.

ஆபிரகாம் கேள்வி கேக்கலியாம்! புறப்படும்போது கேக்கல, சரி. ஆதியாகமம் 15:8ல 'எதினால் அறிவேன்'னு கேக்குறான். 17ல பிள்ளை பிறக்கும்னு கேட்டு முகங்குப்புற விழுந்து சிரிக்கிறான். 18ல சோதோமுக்காக தேவன்கிட்ட பேரம், 50 நீதிமான்ல ஆரம்பிச்சு 45, 40, 30, 20, 10 வரைக்கும் எறக்குறான். எனக்க அம்மச்சி களியக்காவிளை சந்தையில மரச்சீனி, அதான் மரவள்ளிக்கிழங்கு, வித்தவ, இந்த அதிகாரம் வாசிச்சா அவளுக்கு ஒரே சந்தோஷம், ஆனா கடைசில ஒரு வருத்தமும் உண்டு: "பத்தோட ஏன் நிப்பாட்டினான்? அவரு எறங்கி எறங்கிதானே வந்தாரு, ஒண்ணு வரைக்கும் கேட்டிருக்கலாம்லா." மோரியா மலைக்கு ஈசாக்க கூட்டிட்டுப் போனப்ப பேசாம போனான்தான். ஆனா எபிரெயர் 11:19 அங்கயும் அவன் மரிச்சவன எழுப்ப தேவனால ஆகும்னு 'எண்ணி' போனான்னு சொல்லுது. அந்த எண்ணி, கணக்கு பாக்குறதுக்கு சொல்ற வார்த்தை. மலை ஏறும்போதும் அவன் தலை வேல செஞ்சிட்டுதான் இருந்துது.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். கேள்வி கேக்காம கீழ்ப்படின்னு நம்ம குமரி மாவட்டத்து விளவங்கோட்டுலயும் கல்குளத்துலயும் ஒருத்தன் பிரசங்கம் பண்ணா எனக்கு சிரிப்புதான் வருது. 1806ல ரிங்கல்தௌபேன்னு ஒரு மிஷனரி மயிலாடிக்கு வந்தாரு, அந்த மிஷன் சபையோட சேத்து பள்ளிக்கூடமும் கட்டுச்சு. எதுக்கு? வேதத்த நீயே வாசி, நீயே பாருன்னு சொல்றதுக்கு. வாசிச்ச வீட்டுப் பெண்ணுங்க, தாழ்ந்த சாதின்னு சொல்லி தோளுல துணி போடக்கூடாதுன்னு வச்சிருந்த வழக்கத்த, அது என்ன நியாயம்னு கேட்டாங்க. அடிபட்டாங்க, சந்தையில வச்சு துணிய கிழிச்சாங்க, 1859ல திருவிதாங்கூர் மகாராஜா பிரகடனம் வர்ற வரைக்கும் விடல. ரோமர் 13, அதிகாரத்துக்கு கீழ்ப்படி, அன்னைக்கும் பைபிள்ல இருந்துதே! அவங்க அத வாசிக்காமலா இருந்தாங்க? கீழ்ப்படிய வேண்டியது யாருக்குன்னு அவங்களுக்கு பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சுது. அவங்க வம்சத்துப் பிள்ளைக்கு இன்னைக்கு ஒரு மூப்பர் மூளை வேண்டாங்கிறார்.

இத்தனையும் சொன்னதால நீ ரொம்ப குளுந்திடாத. உனக்க லெட்டர்லயும் ஒரு வரி எனக்குப் பிடிக்கல. லாஜிக்கா படுறத மட்டும் செய்வேன்னு எழுதிருக்க. அப்படியா? உனக்கு காய்ச்சல் வந்தப்ப ராத்திரி முழுக்க உன் அம்மை முழிச்சிருந்தாளே, லாஜிக் பாத்தா? சத்துருவ சிநேகின்னு சொன்னதுல என்னைக்கு உனக்கு லாஜிக் படும்? நம்ம புத்தி இருக்கே, அது முக்காவாசி நேரம் நமக்கு வக்கீல் வேலைதான் பாக்கும், நாம செய்ய விரும்பாதத செய்யாம இருக்கிறதுக்கு பாயிண்ட் எடுத்துக் குடுக்கும். பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட மன்னிப்பு கேக்காம இருக்க எனக்கிட்டயே பதினேழு லாஜிக் இருக்கு. சுயபுத்தின்னு சாலொமோன் சொன்னது இந்த சவத்தத்தான்.

இப்ப கண்ணு கதை. பிளஸ் டூ படிக்கும்போது எங்க ஊருல மூணு நாள் எழுப்புதல் கூட்டம். எங்கிருந்தோ வந்த ஒரு பிரசங்கியார், பேரு வேண்டாம். கடைசி நாள் ராத்திரி, கண்ணாடி போட்டவங்கல்லாம் முன்னால வாங்கன்னாரு. ஏழு பேர் போனோம். ஜெபம் பண்ணிட்டு, விசுவாசம் உள்ளவன் அத கழட்டி மிதிச்சு ஒடைன்னாரு. நான் ஒடச்சேன். அந்த சத்தம் இப்பவும் செருப்புக்கடில இருக்கு. பந்தலே அல்லேலூயா சொல்லுச்சு, எனக்கு டியூப்லைட் எல்லாம் பஞ்சு உருண்டையா தெரிஞ்சுது, ஆனா சாட்சி சொல்லச் சொன்னப்ப நல்லா தெரியுதுன்னு மைக்குல சொன்னேன். மூணு வாரம். போர்டுல எழுதுறது தெரியாம பக்கத்து பையன் நோட்டப் பாத்து எழுதினேன், மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டுல போர்டு தெரியாம களியக்காவிளை பஸ்ஸுன்னு குலசேகரம் பஸ்ல ஏறி திருவட்டார் வந்தப்பதான் தெரிஞ்சுது. யாரு கேட்டாலும் தெரியுது, தெரியுது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என் விசுவாசத்த நான் பொய் சொல்லியே காப்பாத்திட்டு இருந்தேன் தம்பி.

அம்மச்சி ஒண்ணும் கேக்கல. ஒருநாள் சாயந்திரம் திண்ணைல இருந்து மரச்சீனி தோலு உரிச்சிட்டே, "மக்களே, அந்த பிலாவுல எத்தனை சக்கை கிடக்கு?"ன்னு கேட்டா, பலாப்பழத்தத்தான். எனக்கு மரமே பச்சையா ஒரு பூதம் மாதிரிதான் தெரிஞ்சுது. முந்தின மாசம் எண்ணின ஞாபகத்துல எட்டுன்னேன். "காலத்த மூணு வெட்டி எறக்கியாச்சு"ன்னா. அவ்வளவுதான், திட்டல. உள்ள போய் பைபிள எடுத்துட்டு வந்து மாற்கு எட்டாம் அதிகாரத்த எழுத்துக்கூட்டி வாசிச்சா, பெத்சாயிதா குருடன். இயேசு கை வச்சு, எதையாகிலும் காண்கிறாயான்னு கேக்குறார். அவன் நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேங்கிறான். "பாத்தியா, பாதிதான் தெரியுதுன்னு அவருக்க மொகத்துக்கு நேர சொல்லிட்டான். அவரு கோவிச்சாரா? அவிசுவாசின்னு தள்ளினாரா? இன்னொருக்க கை வச்சாரு. நீ எல்லாம் தெரியுதுன்னு சொல்லிட்டியே பிள்ளே, இனி அவரு எங்க கை வைக்க?"

அம்மச்சி விசுவாசம் கொறஞ்சவ இல்ல, கேட்டியா. அடுத்த வீட்டு பசுவுக்கு காய்ச்சல்னாலும் முழங்கால் போடுவா. ஆனா அவ தலைமுறைக்கு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி தெரியும், 1922லயும் 24லயும் எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் சாயிப்பு அங்க கத்தி எடுத்து ஆபரேஷன் பண்ணதும் தெரியும். கர்த்தருக்கு வேலை செய்ய வந்த மனுஷன்தானே அவரு. மறுநாள் மரச்சீனி வித்த காச முந்தானைல முடிஞ்சிட்டு என்னைய மார்த்தாண்டத்துக்கு கூட்டிட்டுப் போய் புதுக் கண்ணாடி வாங்கித் தந்தா. திரும்பி வந்ததும் நான் முதல்ல பாத்தது பிலாவத்தான். அஞ்சு இல்ல, ஆறு. ஒண்ணு இலைக்குள்ள மறைஞ்சு கிடந்துது, அம்மச்சியே அத பாக்கல. சொன்னேன், கையத் தட்டி சிரிச்சா.

உனக்க வேலை விஷயம். அந்த மூப்பர நீ மரியாதைக்கொறவா பேசிராத, தீர்க்கதரிசனங்கள அற்பமாயெண்ணாதேன்னு 1 தெசலோனிக்கேயர் 5:20 சொல்லுது. 21ல எல்லாத்தையும் சோதிச்சுப் பாருன்னும் சொல்லுது, அதனால போய் அவர்கிட்ட, ஐயா இத எப்படி சோதிக்கிறதுன்னு நீங்களே சொல்லித்தாங்கன்னு பணிவா கேளு. என்ன சொல்றார்னு எனக்கு எழுது. அதுவரைக்கும் ராஜினாமா மெயில் டிராப்ட்ல கிடக்கட்டும், அனுப்பாத. வீட்டு லோன் இருக்கா இல்லையான்னு நீ எழுதவே இல்ல, அதையும் எழுது.