மோட்டாரை நிறுத்தியது தெரிந்தும் மனம் நம்ப மறுப்பது ஏன்?

மோட்டாரை நிறுத்தியும் சந்தேகம் விடவில்லை, இது மறதி நோயோ என்று கேட்டிருந்தீர்கள். முதலில், திரும்பிப் போய்ப் பார்க்காதீர்கள். விசுவமடுவில் கிணற்று மோட்டாரை நிறுத்திவிட்டுப் புறப்பட்டு, பரந்தன் சந்திவரை வந்த பிறகு "நிறுத்தினேனா?" என்று வண்டியைத் திருப்புகிறீர்களே, அதுதான் சந்தேகத்துக்குத் தீனி போடுகிறது. நீங்கள் பயப்படுவதுபோல இது மறதி நோயாக எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை அறிந்திருப்பது வேறு, அது நிச்சயம் என்று உணர்வது வேறு. 2003இல் வான் டென் ஹவுட், கிண்ட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள், கணினித் திரையில் ஒரு காஸ் அடுப்பைச் சிலரைக் கொண்டு திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைத்தார்கள். கடைசியாக எதைச் சரிபார்த்தோம் என்பதை அவர்கள் பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். ஆனால் அந்தக் காட்சி மங்கிப்போயிருந்தது. தங்கள் நினைவின்மேல் இருந்த நம்பிக்கையும் சரிந்திருந்தது. செயல் பழகப் பழக அதன் சின்னச் சின்ன விவரங்கள் மனதில் பதிவதில்லை. கைக்குத் தெரியும், கண்ணுக்கு நினைவிருக்காது.

நாளைக்கு இப்படிச் செய்து பாருங்கள்:

1. ஆளியை (சுவிட்சை) ஒரே முறை நிறுத்துங்கள். மோட்டாரின் இரைச்சல் அடங்கி, குழாயில் நீர் சொட்டாகும்வரை நின்று பாருங்கள்.
2. வழியில் சந்தேகம் வந்தால் வரட்டும், வண்டியைத் திருப்பாதீர்கள். வீட்டுக்கு அழைத்துக் கேட்பதும் சரிபார்ப்புத்தான், அதையும் விடுங்கள்.

முதல் சில நாட்கள் பதற்றம் கூடும், பிறகு தானாகத் தணியும்.

ஆனால் இப்படிப்பட்ட சரிபார்ப்புகளில் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால், அல்லது வேலை கெட்டால், இது தனியாகச் சமாளிக்கும் விடயமல்ல. மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.