சாமிக்குப் படைத்த பலகாரத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்தால் கிறிஸ்தவர்கள் சாப்பிடுவார்களா?

வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் வீட்டிலேயே நான் சாப்பிடுவேன், என் தம்பி தொடமாட்டான். இரண்டு பேரும் ஒரே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். (ஆமாம், திருநெல்வேலிப் பக்கம் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம்.)

பாளையங்கோட்டையில் வளர்ந்தவன் நான். எங்கள் ஆச்சி இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். சரஸ்வதி பூஜை சுண்டல், பொரி எதுவும் வாசல்படி தாண்டக் கூடாது. கேட்டால் பைபிள் வசனம் வரும், அப்போஸ்தலர் 15:29: விக்கிரகங்களுக்குப் படைத்தது, ரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம், இதற்கெல்லாம் விலகியிருக்க வேண்டும். சரி. ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கறிக்கடையில் ஆட்டு ரத்தம் வாங்கி வரச் சொல்வதும் அதே ஆச்சிதான். சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டு அவள் பொரித்தால் சோறு இன்னொரு தட்டு இறங்கும். வசனத்தில் 'படைத்தது'க்கு அடுத்த சொல்லே 'ரத்தம்' என்பது எனக்கு உறைத்தது கல்லூரிக்குப் போன பிறகுதான். ஆச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். "வாயை மூடிட்டுத் தின்னு" என்றாள்.

இயேசுவின் செய்தியை ஊர் ஊராய்ப் பரப்பிய பவுலுக்கும் இதே தலைவலி இருந்திருக்கிறது. கொரிந்து பட்டணத்துக் கடைகளில் விற்ற இறைச்சியில் கோயில்களில் பலியிட்டதும் கலந்து வரும். அந்த ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதத்தில் (1 கொரிந்தியர், 10-ஆம் அதிகாரம்) அவர் சொல்வது இதுதான்: கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு. அவிசுவாசி விருந்துக்குக் கூப்பிட்டால், போய் இலையில் வைத்ததைச் சாப்பிடு. 'இது படைத்தது' என்று யாராவது சொன்னால் மட்டும் நிறுத்திக்கொள். அதுவும் உன் மனச்சாட்சிக்காக அல்ல, சொன்னவனுடைய மனச்சாட்சிக்காக. தம்பி அதே அதிகாரத்தின் 21-ஆம் வசனத்தைக் காட்டுவான், கர்த்தருடைய பந்தியிலும் பேய்களுடைய பந்தியிலும் சேர்ந்து உட்கார முடியாது என்று. நான் 25-ஐக் காட்டுவேன். இன்னும் முடியவில்லை அந்தச் சண்டை. ஆனால் அவன் வீட்டுக்கு வந்திருக்கும் நாளில் ஆபீசில் கொடுத்த ஆயுத பூஜை பொரியை நான் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை, அங்கேயே தின்றுவிட்டுப் போவேன்.

எங்கள் எதிர்வீட்டு அத்தை இதையெல்லாம் படித்தவர் இல்லை. தீபாவளிக்குப் பலகாரம் சுட்டால் எங்களுக்கென்று ஒரு தூக்குச்சட்டியில் முதலிலேயே எடுத்து வைத்துவிடுவார். "ஆச்சி, படைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்தது, தைரியமா சாப்பிடுங்க" என்று சொல்லித்தான் கையில் கொடுப்பார். கிறிஸ்மஸுக்கு அதே தூக்கில் எங்கள் வீட்டு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் போகும். வெறும் தூக்கைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் கிடையாது.

அந்த வீட்டில் படைக்கும் முன் முறுக்கில் கை வைத்தால் பிள்ளைகளுக்கு அடி விழும். அத்தை மகன் அப்படி வாங்கியதை நானே பார்த்திருக்கிறேன். ரொம்ப நாள் கழித்து ஒரு தீபாவளிக்குக் கேட்டேன், "எங்களுக்கு மட்டும் முதல்ல எடுக்கீங்களே, சாமி கோவிக்காதா அத்தை?"

"அதுக்குத்தான் தனியா ஒரு கும்பிடு போட்டு மன்னிப்புக் கேட்டுட்டு எடுக்கேன்" என்றார்.