ஜாய்ஸ்டிக்கில் இயங்கிய குண்டு

கேள்வி: குண்டுக்குள் வைக்கக் கணினியே இல்லாத இரண்டாம் உலகப் போரில், விழும் குண்டை எப்படித் திருப்பினார்கள்?

பதில்: கண்ணும் கையும்தான்! ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் எக்ஸ் குண்டின் வாலில் தீப்பந்தம் போல ஒரு சுடர் எரியும். விமானத்திலிருந்து குறிபார்ப்பவர் அந்தச் சுடரை இலக்கின் மேலேயே வைத்துக்கொண்டு ஜாய்ஸ்டிக்கை அசைப்பார். கட்டளை ரேடியோவில் போகும். வாலிலுள்ள சிறு தகடுகள் காற்றோட்டத்தைத் தடுத்துக் குண்டைத் திருப்பும். குண்டு தன்னைத்தானே சுழன்றால் இடம் வலமாகிவிடும் என்பதால், அதைத் தடுக்க உள்ளே ஜைரோஸ்கோப் (சுழற்சியை உணரும் கருவி).

சிக்கல் விமானிக்குத்தான். குண்டை விட்டதும் வேகத்தைக் குறைத்து, சற்றே மேலேறி, நேர்கோட்டில் பறக்க வேண்டும். இல்லையென்றால் குண்டு பின்தங்கிப் பார்வையிலிருந்து மறைந்துவிடும். அந்த நேரத்தில் விமானம் எதிரிக்குச் சுலபமான இலக்கு. மேகமோ புகையோ மறைத்தாலும் கதை முடிந்தது.

1943 செப்டம்பர் 9இல் இத்தாலியப் போர்க்கப்பல் ரோமாவை மூழ்கடித்தது இதுதான். முதல் குண்டு கப்பலைத் துளைத்துக்கொண்டு போய் அடியில் வெடித்தது. இரண்டாவதுதான் உயிர்நிலையில் விழுந்தது. பிறகு நேச நாடுகள் ரேடியோ அலைவரிசையைக் கண்டறிந்து குழப்பத் தொடங்கின.

அமெரிக்காவின் ஏஸான் என்ற இதே போன்ற குண்டை இடம், வலம் மட்டுமே திருப்ப முடியும். நீளமான பாலங்களுக்கு அதுவே போதும். 1944 டிசம்பர் முதல் பர்மாவின் ரயில் பாலங்களை அதைக்கொண்டுதான் தகர்த்தார்கள்.