பிளாஸ்டிக் பாகத்தில் தழும்பு ஏன் உள்பக்கம் மட்டும் வருது?

போன ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம், பையனை அடுத்து என்ன படிக்க வைப்பது என்று கேட்க, என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பையன், கூடவே பெரியப்பா. பேசியது முழுக்கப் பெரியப்பாதான். ஹாஸ்டல் பள்ளி ஒன்றில் பிளஸ் ஒன்னோடு சேர்த்து ஜே.இ.இ. கோச்சிங்காம், இரண்டு வருடத்துக்கு ஐந்து லட்சமாம், முன்பணம் கட்டப் புதன்கிழமைதான் கடைசியாம். அம்மாவின் நகையை வைத்துக் கட்டுவதாகத் திட்டம். பையன் மேல் ஒரே புகார், வீடு முழுக்கக் குப்பையைச் சேர்த்து வைத்துக்கொண்டு "விண்வெளிக் கப்பல்" செய்கிறான் என்பது.

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கம்போல, கவலைப்படாதீங்க, நல்ல பையன்தானே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் அவன் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

அவனாகவே கற்பனை செய்த கப்பல், நீளம் 320 மீட்டர். 1/500 அளவில் செய்கிறான், அதனால் மாடல் 64 செ.மீ. இரண்டு மீட்டர் உயரக் கதவு 4 மி.மீ., ஒரு மீட்டர் ஜன்னல் 2 மி.மீ. என்று வரிசையாகக் கணக்குப் போட்டு, பக்கத்தில் "ஜன்னல் பெருசா போனா கப்பல் சின்னதா தெரியும்" என்று எழுதி வைத்திருக்கிறான். இதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உடம்புக்கு பி.வி.சி. குழாய், மேல்பரப்புக்குப் பழைய கீபோர்டின் பட்டன், ரீஃபில் துண்டு, சுவிட்ச் பெட்டி மூடி, இடுக்கெல்லாம் எம்-சீல்.

அம்மா அதைக் குப்பை என்கிறார். 1975-ல் கலிஃபோர்னியாவின் வான் நைஸில் ஒரு கிடங்கில் உட்கார்ந்து 'ஸ்டார் வார்ஸ்' கப்பல்களைச் செய்தவர்களும் இதையேதான் செய்தார்கள். கடையில் விற்கிற, பாகம் பாகமாக ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் டாங்கி கிட், போர் விமான கிட் எல்லாவற்றையும் வாங்கிப் பிரித்து, அந்தத் துண்டுகளைக் கப்பலின் தோல் மேல் ஒட்டினார்கள். பொடிப்பொடியாக விவரம் இருந்தால்தான் கண் அதைப் பெரிசு என்று நம்பும். அதற்கு நேர் எதிராகவும் யோசித்தவர் ஒருவர் உண்டு. 'ஸ்டார் ட்ரெக்' கப்பலை வரைந்த மாட் ஜெஃப்ரீஸ், பழுது பார்க்கிறவன் எதற்கு வெளியே போக வேண்டும், எல்லாம் உள்ளிருந்தே நடக்கட்டும் என்று வெளிப்பரப்பை வழவழவென விட்டுவிட்டார். 1964-ல் செய்த அந்தப் பதினோரு அடி மாடல் இன்றைக்கு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பையனிடம் இதைச் சொன்னதும்தான் அவன் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

திறந்து ஒரு கேள்வி கேட்டான். சிங்கப்பூர் அத்தை வாங்கி வந்த, பண்டாய் என்ற ஜப்பான் கம்பெனியின் கிட் ஒன்று அவனிடம் இருக்கிறது. "சார், எல்லா பீஸ்லயும் வட்ட வட்டமா ஒரு தழும்பு இருக்கு, அது ஏன் உள்பக்கம் மட்டும் வருது?"

பெரியப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உருகிய பிளாஸ்டிக்கை ஊசி போடுவதுபோல இரும்பு அச்சுக்குள் தள்ளுகிறார்கள். அச்சுக்கு இரண்டு பாதி, வெளிப்பக்கத்தை உருவாக்குவது கேவிட்டி, உள்பக்கத்தை உருவாக்குவது கோர். ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கிக் கோரை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதைக் கழற்ற அந்தப் பக்கமிருந்தே எஜெக்டர் பின்கள் என்கிற இரும்புக் கம்பிகள் தள்ள வேண்டும், தள்ளிய இடத்தில் விழுவதுதான் அந்தத் தழும்பு. மாடல் செய்கிற பிள்ளைகள் அதைப் புட்டி பூசித் தேய்த்து மறைப்பார்கள். இவன் ஏன் வருகிறது என்று கேட்கிறான். அச்சு செய்கிறவன் புத்தி அது.

சரி, அந்த அப்பாவுக்கு நேராகவே சொல்கிறேன். புதன்கிழமை பணம் கட்டாதீர்கள். நகையை வைக்கவே வைக்காதீர்கள். உங்கள் பையன் ஹாஸ்டலில் விடிகாலை எழுந்து தாள் தாளாகக் கேள்வி போடுகிற ஜாதி இல்லை, அதை நீங்களே என்னிடம் சொன்னீர்கள், பெரியப்பா வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தபோது. அனிமேஷன், வி.எஃப்.எக்ஸ்., டிசைன் கல்லூரி பற்றியெல்லாம் யூடியூபில் ஆயிரம் பேர் பேசுகிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. சினிமாவுக்குக் கையால் கப்பல் செய்கிற வேலை உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டது, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வந்து அதை விழுங்கி ரொம்ப நாளாயிற்று. அந்த ஆசையைக் காட்டி யாராவது கோர்ஸ் விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் சொல்வது கிண்டியில் இருக்கிற சிபெட். பிளாஸ்டிக் தொழில்நுட்பம் சொல்லித் தருகிற மத்திய அரசின் நிறுவனம், 1968-ல் தொடங்கியது. அங்கே பிளாஸ்டிக் மோல்டு டெக்னாலஜி, அதாவது அச்சு செய்கிற படிப்பு, என்று மூன்று வருட டிப்ளமோ இருக்கிறது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் கிண்டி, ஹாஸ்டல் செலவே இல்லை. கட்டணத்தை இந்த வருட அறிவிப்பில் பாருங்கள், உங்கள் ஐந்து லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

அங்கே என்ன கற்பான்? ஒரு பொருளைப் பார்த்து அச்சு எந்தக் கோட்டில் பிரிய வேண்டும் என்று முடிவு செய்வது, அதுதான் பார்ட்டிங் லைன். கிட்டில் அவன் பிளேடால் சுரண்டி எடுக்கிறானே அந்தக் கோடு. சுவர்கள் செங்குத்தாக நின்றால் பொருள் கழன்று வராது, ஒரு டிகிரியாவது சாய்க்க வேண்டும். சுருக்கத்துக்குக் கணக்குப் போட வேண்டும்: கிட் செய்கிற பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் அரை சதவீதம் சுருங்குகிறது என்று வைத்தால் 300 மி.மீ. பாகத்தில் ஒன்றரை மி.மீ. போய்விடும், அதனால் அச்சை அவ்வளவு பெரிதாக வெட்ட வேண்டும். 1/500 கணக்குப் போடுகிறவனுக்கு இதுவா கஷ்டம்? கட்டர் நுழையாத மூலையை செம்பு எலக்ட்ரோடு வைத்து மின்பொறியாலேயே அரித்து எடுப்பதை ஈ.டி.எம். என்பார்கள், கப்பல் மேல் இருக்கிற அந்தப் பொடி விவரமெல்லாம் இரும்பில் இறங்குவது பெரும்பாலும் அப்படித்தான். மெல்லிய கம்பியில் மின்பொறி விட்டு வெட்டுகிற வயர்கட், கம்ப்யூட்டர் ஓட்டுகிற சி.என்.சி. மெஷின், மூன்று பரிமாண வரைபட மென்பொருள், கடைசியில் கையால் பாலிஷ். ஜப்பானில் ஷிசுவோகா என்ற ஊரில் பண்டாய், தமியா மாதிரி கம்பெனிகள் கிட் செய்வது இந்த வித்தையை வைத்துத்தான். மிக்சி மூடி, கார் டேஷ்போர்டு, ஊசி சிரிஞ்சு எல்லாம் பிறப்பதும் இதில்தான், அதனால்தான் இவனுக்குச் சினிமாவை நம்பி இருக்க வேண்டாம்.

"டிப்ளமோவா?" என்று பெரியப்பா முகம் சுளித்தார். எண்ணிப் பாருங்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ, பி.இ. நான்கு வருடம், மொத்தம் ஆறு. டிப்ளமோ மூன்று, அப்புறம் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை மூன்று, அதுவும் ஆறு. ஒரு வருடம்கூட வீணாகவில்லை, நடுவில் வேலைக்குப் போகிற கையும் இருக்கிறது. எந்தப் பிரிவுகளில் நேரடியாகச் சேரலாம் என்பதை மட்டும் சேருவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். டூல் ரூமில், அதாவது அச்சு செய்கிற பட்டறையில், ஆரம்பச் சம்பளம் குறைவு. நின்றே வேலை, எண்ணெய், சூடு, ஷிஃப்ட். இரண்டு மூன்று வருடம் மெஷினில் கை அழுக்காக்கிவிட்டு வடிவமைப்புப் பக்கம் நகருகிறவன்தான் மேலே போகிறான், மெஷினோடே தங்கிவிட்டால் சம்பளமும் அங்கேயே தங்கிவிடும். கணக்குப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று அவன் நினைத்தால் அதுவும் நடக்காது, நேரடிச் சேர்க்கையில் போனால் பொறியியல் கணக்கு அங்கே காத்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கோடையில் த்ரீ-டி பிரிண்டர் வாங்கித் தருவதாக அம்மா சொன்னார். வேண்டாம். மி.மீ.க்கும் கீழே துல்லியமாக அளக்கிற ஒரு டிஜிட்டல் வெர்னியர் வாங்கிக் கொடுங்கள், போதும். ஸ்ப்ரே அடிப்பதானால் மொட்டை மாடியில், முகக்கவசத்தோடு.

நான் சொன்னேன் என்பதற்காகவும் சேர்க்காதீர்கள். அம்பத்தூரில் தெரிந்தவர் ஒருவரின் டூல் ரூமில் சொல்லி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை காலை ஒரு மோல்டைப் பிரித்துக் காட்டுவார்கள். அவனை அரை நாள் அங்கே விடுங்கள். சலிப்போடு திரும்பி வந்தால் பிளஸ் ஒன் சேருங்கள், வீட்டுப் பக்கத்துப் பள்ளியில். ஷூ போட்டு வரச் சொல்லுங்கள், அந்தக் கிட்டின் பாகங்களையும் எடுத்து வரட்டும். பெரியப்பா அன்றைக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.